இரவல் இதயம்

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? இப்போது எல்லா வீட்டிலும் இல்லைதான். ஆனாலும் பாட்டியின் சீதனமாக வந்த சொம்பு ஒன்று பரண்மேல் எங்காவது ஒதுங்கிக் கிடக்கும். அதை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்ப் பேசிவிட்டு வந்தீர்களானால் சொம்பு இராது. அடுப்பின்மேல் வெள்ளிக் குழம்பு மாதிரி ஓடியிருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்புத் தீயின் சூடோ அதைப்போல் பல பங்கு. ஆனால் சொம்புக்குள் புளிக்கரைசல் இருக்கும்வரையில் பயமில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. கொதிநிலையைத் தாண்டிச் சொம்பை விடுவதில்லை. உருகிப் போக வேண்டிய பாத்திரம், உருக்கும் தீயின் மேலேயே உட்கார்ந்துகொண்டு நமக்கு ரசம் செய்து தருகிறது.

ஜெட் விமானத்தின் இயந்திரத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய இந்த வித்தைதான். எரிந்து வரும் வாயுவின் வேகத்தில் சுழலுவதற்காக அங்கே 'டர்பைன் பிளேடு' என்ற சிறு தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்த வாயுவின் சூடு, தகடு செய்யப்பட்ட உலோகம் உருகும் சூட்டைவிட அதிகம். தகடு ஏன் உருகவில்லை? அதன் உடம்புக்குள்ளே மெல்லிய வாய்க்கால்கள் வெட்டி, அவற்றின் வழியாகக் காற்றை ஓடவிட்டிருக்கிறார்கள். மேல்தோலில் ஊசித்துளைகள், அவற்றின் வழியே கசியும் காற்று தகட்டுக்கு ஒரு போர்வையாகி நெருப்பைத் தள்ளி நிறுத்துகிறது. இவ்வளவுக்கும் நடுவில் அது நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்குமேல் சுழன்றுகொண்டும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட போர் விமான இயந்திரத்தை முழுவதும் தாமே செய்யத் தெரிந்த தேசங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த விரல்களுக்குள் நம் தேசம் இன்னும் வரவில்லை. விமானத்தின் உடம்பு நம்முடையது, இறக்கை நம்முடையது, மூளையும் பெரும்பாலும் நம்முடையது. இதயம் மட்டும் இரவல். அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட இந்த இரவல் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். 'இது யுத்த சமாசாரம், ஆண்கள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுத்த பக்கத்துத் தொடர்கதை எங்கும் ஓடிப் போகாது. அதோடு, எது சிக்கனம், எது கஞ்சத்தனம் என்று வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரிகிற அளவு பெரிய பெரிய அதிகாரிகளுக்குக்கூடத் தெரிவதில்லை என்பதும் இந்தக் கதையில் வரும்.

சேட்டின் ஆசை

கதை ஒரு பிரயாணத்தில் தொடங்குகிறது. 1939-ஆம் வருஷம் வால்சந்த் ஹீராசந்த் என்ற பம்பாய்த் தொழிலதிபர் பசிபிக் சமுத்திரத்தின்மேல் விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். அதே விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் ஒருவர். அவர் சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். சகபிரயாணிகள் என்றால் பேச்சுக்குக் குறைவா? இறங்குவதற்குள், இந்தியாவில் ஒரு விமானத் தொழிற்சாலை கட்டினால் என்ன என்ற எண்ணம் வால்சந்துக்கு வேர் பிடித்துவிட்டது. அவர் சாதாரண ஆசைக்காரர் அல்ல. கப்பல் கட்டுவேன், மோட்டார் கார் செய்வேன், ஆகாய விமானமும் செய்வேன் என்று கிளம்பி மூன்றையும் ஆரம்பித்தும் காட்டிய மனிதர். அடிமை தேசத்து வியாபாரி ஒருவருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

மைசூர் சமஸ்தானம் நிலமும் கொடுத்தது, மூலதனத்திலும் பங்கு கொண்டது. 1940 டிசம்பர் 23-ஆம் தேதி பெங்களூரில் 'ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' கம்பெனி பதிவாயிற்று. எட்டே மாதத்தில், 1941 ஆகஸ்டில், அங்கே பூட்டப்பட்ட முதல் விமானம் பறந்தது. அமெரிக்காவிலிருந்து பாகங்களாக வந்த சிறிய பயிற்சி விமானம் அது. பூட்டியது நம்மவர்கள்.

ஜப்பான்காரன் பர்மா வரைக்கும் வந்துவிட்டதும் நிலைமை மாறிற்று. 1942-இல் சர்க்காரே தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் அமெரிக்க விமானப்படையின் மேற்பார்வைக்குப் போயிற்று. அடிபட்டு வந்த நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு வைத்தியசாலையாக அது யுத்தம் முடியும்வரை வேலை செய்தது. நம் தொழிலாளிகள் அங்கேதான் கையைப் பழக்கிக் கொண்டார்கள்.

சுதந்திரம் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. யுத்தம் முடிந்துபோனதால் விமான வேலை குறைந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே! விமானத் தொழிற்சாலை ரெயில் பெட்டிகளும் பஸ் கூண்டுகளும் செய்ய ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்பு ரெயில் பெட்டியில் கூட்டத்தோடு கூட்டமாகத் திருப்பதிக்கோ காசிக்கோ போன உங்கள் பாட்டியார், ஆகாய விமானக் கம்பெனி செய்த பெட்டியில் பிரயாணம் செய்திருந்தாலும் செய்திருக்கலாம். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருப்பார்.

நடுவிலே டாக்டர் வி. எம். கட்டகே என்ற விஞ்ஞானி, சொந்தமாக ஒரு விமானம் வரைந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் படித்தவர். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் விமான இயல் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய 'எச். டி.-2' பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. முப்பது வருஷங்களுக்கு மேல் நம் விமானிகள் அதிலேதான் அரிச்சுவடி படித்தார்கள். ஆப்பிரிக்காவில் புதிதாகச் சுதந்திரம் பெற்ற கானா நாடும் அதை வாங்கிற்று.

மாருதியும் மருத்துவமும்

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது.

ஹிட்லரின் ஜெர்மனிக்குப் பெயர்போன போர் விமானங்களை வரைந்து கொடுத்தவர் கர்ட் டாங்க். யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபின் அவர் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே ஜெட் விமானம் செய்து பார்த்தார். அங்கே அரசியல் மாறிப் பிழைப்புக் கெட்டது. 1956-இல் தம் தோழர்கள் பலரோடு பெங்களூர் வந்து சேர்ந்தார். 'ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானம் ஒன்று செய்து கொடுங்கள்' என்று நாம் கேட்டோம். பத்து வருஷத்துக்கு முன்தான் சுதந்திரம் வாங்கிய தேசம், பயிற்சி விமானம் மட்டுமே செய்த அனுபவத்தோடு, இப்படிக் கேட்டது! ஜெர்மானியர் சிரிக்கவில்லை, ஒப்புக்கொண்டார்.

முதலில் மரத்தாலேயே முழு அளவில் ஓர் உருவம் செய்து, 1959-இல் அதை வேறொரு விமானத்தால் கட்டி இழுத்து ஆகாயத்தில் விட்டுப் பார்த்தார்கள். பிறகு உலோகத்தில் செய்த அசல் விமானம் 1961 ஜூன் 17-ஆம் தேதி பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். விமானத்துக்கு 'மாருத்' என்று பெயர். காற்று என்று அர்த்தம். பார்ப்பதற்கு வெகு அழகு. ஆசியாவில் இம்மாதிரி ஒன்று செய்ய அன்றைக்குத் துணிந்தவர்கள் மிகச் சிலர்.

ஆனால் காற்றின் மகனுக்கு நெஞ்சில் பலம் போதவில்லை. கர்ட் டாங்க் மனத்தில் வைத்து வரைந்தது, பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று உருவாக்கிக்கொண்டிருந்த புதிய இயந்திரத்தை நம்பி. அந்த இயந்திரத்தைத் தங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் நாட்டுச் சர்க்கார் கைவிட்டது. 'மேற்கொண்டு ஆகும் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் முடித்துத் தருகிறோம்' என்றது கம்பெனி. நம்மவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்நியச் செலாவணி ஏது? வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு தேசத்தில் அரிசிக்கே திண்டாட்டம் என்பதை நானும் மறக்கவில்லை. ஆயினும், பெண்ணுக்குப் பட்டுப்புடவை, மேளம், பந்தல் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத் திருமாங்கல்யத்துக்குப் பொன் வாங்க மறுத்த கதையாக எனக்கு அது தோன்றுகிறது. சிறிய பயிற்சி விமானத்துக்கும் இலகுவான போர் விமானத்துக்கும் ஏற்பட்ட ஆர்ஃபியஸ் என்ற சின்ன இயந்திரங்கள் இரண்டைப் பொருத்தி மாருத்தைப் பறக்க விட்டார்கள். இரண்டு மடங்கு ஒலி வேகத்துக்கென்று பிறந்த விமானம், நேர்கோட்டில் பறக்கும்போது ஒருமடங்கைக்கூடத் தொட முடியவில்லை.

இதயம் தேடி எங்கெங்கோ போனோம். எகிப்துக்குக்கூடப் போனோம். அங்கே நாசருடைய சர்க்கார் ஜெர்மானிய, ஆஸ்திரிய நிபுணர்களை வைத்து விமானமும் இயந்திரமும் செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய விமானத்தை 1964-இல் முதன்முதலாக ஆகாயத்தில் ஏற்றிக் காட்டியவரே நம் விமானி கபில் பார்கவாதான். அவர்களுடைய இயந்திரத்தை நம் மாருத் ஒன்றில் பொருத்திப் பறக்கவும் விட்டார்கள். ஆனால் 1967 யுத்தம் எகிப்தின் முதுகை ஒடித்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அந்தத் திட்டமே மூடப்பட்டது.

சரி, இருக்கிற இயந்திரத்துக்கே கொஞ்சம் உரம் ஊட்டலாம் என்று, வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளைத் தூவி எரிக்கும் ஏற்பாடு ஒன்றை பெங்களூரிலேயே செய்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க 1970 ஜனவரி 10-ஆம் தேதி கிளம்பியவர் அதே சுரஞ்சன் தாஸ். விமானம் தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்தது. மாருத்தின் முதல் பறப்பைப் பறந்தவர் மாருத்திலேயே உயிர் நீத்தார். பெங்களூரில் பழைய விமான நிலையத்துப் பக்கம் போகிறவர்கள் 'சுரஞ்சன் தாஸ் சாலை' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தமுறை பஸ்ஸில் போகும்போது ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாருத்தைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் தாழப் பறந்து வெகு நன்றாக வேலை செய்தது. மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். 1990-ஐ ஒட்டி அவை ஓய்வு பெற்றன. நான் வருந்துவது விமானத்தைப் பற்றி அல்ல. அதற்குப் பின் மாருத்தின் தம்பி என்று ஒன்று வரவில்லையே என்பதுதான். ஜெர்மானியரோடு உட்கார்ந்து தொழில் கற்ற நம் இளைஞர்கள் வரைபட மேஜையில் கிழவர்களானார்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்களுக்குப் புதிதாக வரைய எதுவும் கிடைக்கவில்லை.

பொட்டலத்துப் பொடி

ஏன் வரவில்லை? ரஷ்யாவிலிருந்து 'மிக்-21' வந்தது. 1963-இல் வாங்க ஆரம்பித்தோம். பிறகு அவர்களுடைய அனுமதியோடு நாசிக்கில் நாமே நூற்றுக்கணக்கில் செய்தோம். ரொம்ப நல்ல விமானம், சந்தேகமில்லை. ஆனால் பிறர் வரைபடத்தைப் பார்த்துச் செய்வது கடைப் பொட்டலத்துப் பொடியில் குழம்பு வைப்பது போல. குழம்பு மணக்கும். வீட்டார் சாப்பிட்டுவிட்டு 'பேஷ்!' என்பார்கள். பொடியில் கொத்தமல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எதை முதலில் வறுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பொட்டலத்தைக் காட்ட வேண்டியதுதான்.

அந்த மிக்-21-ஐ எத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தோம் தெரியுமா? அறுபத்திரண்டு வருஷம். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதிதான் சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தோம். கடைசி வருஷங்களில் அது விழுந்து விழுந்து எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டது. அதன் இடத்துக்கு வர வேண்டியவன் காலத்தில் வராததே அதற்குக் காரணம். வர வேண்டியவன் பெயர் தேஜஸ்.

குடம் சுமக்கும் பெண்

இலகுவான போர் விமானம் ஒன்றை நாமே செய்வது என்று சர்க்கார் 1983-இல் தீர்மானித்தது. தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. விமானப்படையில் முதல் பிரிவு அமைந்தது 2016 ஜூலை. 1983-இல் பிறந்த குழந்தை அதற்குள் படித்து, கல்யாணம் செய்துகொண்டு, தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும்! தாமதத்தைப் பரிகாசம் செய்தவர்கள் ஏராளம். பரிகாசத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் நடுவில் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் கேளுங்கள்.

கிராமத்தில் தலையில் குடம் வைத்துக் கையை வீசிக்கொண்டு நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். குடம் ஏன் விழுவதில்லை? கழுத்தும் இடுப்பும் கணத்துக்குக் கணம் மிகமிகச் சிறிய அளவில் சரிசெய்துகொண்டே போகின்றன. அவளுக்கே அது தெரியாது. தேஜஸும் அப்படித்தான். சட்டென்று வளைந்து திரும்ப வேண்டும் என்பதற்காக, தானாக நிலையாய் நிற்காத விதமாகவே அதைப் படைத்திருக்கிறார்கள். விட்டால் கவிழ்ந்துவிடும். நான்கு வழிகளில் ஒன்றையொன்று சரிபார்க்கும் கம்ப்யூட்டர்தான் விநாடிக்குப் பலமுறை இறக்கையின் மடல்களைத் திருத்தித் திருத்தி அதை நிறுத்தி வைக்கிறது. அந்தக் கழுத்து வித்தையை எழுதும் வேலையில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று துணையாக இருந்தது. 1998 மே மாதம் நாம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை செய்தோம். அமெரிக்கா கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திற்று. அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் எஞ்ஜினீயர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்ச வேலையை பெங்களூரில் உட்கார்ந்து இவர்களே முடித்தார்கள். இதுவரை அந்தக் கழுத்து வித்தையில் யாரும் குறை சொன்னதாக நான் கேட்டதில்லை. டாக்டர் கோட்டா ஹரிநாராயணா என்பவர் தலைமையில் வேலை செய்த அந்தக் கோஷ்டிக்கு என் நமஸ்காரம்.

இன்னொரு வித்தை, துணி! தேஜஸின் எடையில் 45 சதவிகிதம் உலோகமே அல்ல, கரித்துணி. கார்பன் நூலில் நெய்த துணியைப் பசையோடு மடிப்பு மடிப்பாக அடுக்கி, வேண்டிய வடிவத்தில் படியவைத்து, ஒரு பெரிய அறைக்குள் தள்ளி மூடி, அழுத்தமும் சூடும் ஏற்றி வேகவைக்கிறார்கள். அந்த அறை வேறொன்றுமில்லை, பிரம்மாண்டமான பிரஷர் குக்கர்தான். மடிப்பில் ஒரு சுருக்கமோ காற்றுக் குமிழியோ இருந்தால் விமானத்துக்கு ஆபத்து. வெந்து வந்த துண்டு எஃகைவிட இலேசு. ஆனால் உறுதியில் குறைவில்லை.

இதையெல்லாம் கற்றவர்கள் இயந்திரத்தை மட்டும் ஏன் கற்கவில்லை என்று கேட்பீர்கள். முயற்சி செய்யாமல் இல்லை. 'காவேரி' என்று அழகான பெயர் வைத்து 1989-இல் ஆரம்பித்தார்கள். ஒதுக்கிய பணம் சுமார் 383 கோடி ரூபாய். பெரிய தொகைதான், ஆனால் ஜெட் இயந்திரம் செய்யத் தெரிந்த தேசங்கள் இம்மாதிரி வேலைக்கு இறைக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் கல்யாண வீட்டில் காபிச் செலவு. உயரத்தில் பறக்கும்போது இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்க நம்மிடம் வசதி இல்லை. பெட்டியில் வைத்து ரஷ்யாவுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. நான் முதலில் சொன்னேனே பிளேடு, அதற்கு வேண்டிய உலோகமும் வார்க்கும் வித்தையும் கைவரவில்லை. இயந்திரம் ஓடிற்று, ஆனால் எடை அதிகம், பலம் குறைவு. 2008-இல் தேஜஸுக்கும் காவேரிக்கும் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். விமானி இல்லாமல் பறக்கும் விமானத்துக்காவது பயன்படட்டும் என்று காவேரியை இப்போது வேறு விதமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

தேஜஸ் இன்றைக்கும் பறப்பது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இயந்திரத்தில். இரவல் வாங்கினால் கொடுத்தவர் சௌகரியத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதானே? 2021-இல் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இயந்திரங்களுக்கும் அந்த வருஷமே ஆர்டர் போயிற்று. முதல் இயந்திரம் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். 2024-இல் வர வேண்டிய முதல் விமானம் 2025 அக்டோபரிலும் ஒப்படைக்கப்படவில்லை. 2025 பிப்ரவரியில் விமானப்படைத் தளபதியே பெங்களூரில் தம் அதிருப்தியை மறைக்காமல் சொல்லிவிட்டார். 42 படைப்பிரிவு இருக்க வேண்டிய இடத்தில், மிக்-21 போனபின் 29 தான் மிஞ்சின என்றால் அவர் மனம் எப்படி இருக்கும்?

எல்லாப் பழியையும் அமெரிக்கர் தலையில் போடுவதும் சரியல்ல. இயந்திரம் வந்தால் உடனே பொருத்திக் கொடுக்க எல்லாம் தயாராக இருந்தனவா என்பது வேறு கேள்வி. ஒரே தொழிற்சாலையையே எல்லாவற்றுக்கும் நம்பிக்கொண்டு, போட்டி என்பதே இல்லாமல் அதை எண்பது வருஷம் வளர்த்தால் சுறுசுறுப்பு எங்கிருந்து வரும்? ஒரே பிள்ளை, அதுவும் பாட்டி வளர்த்த பிள்ளை!

2025 நவம்பர் 21-ஆம் தேதி துபாயில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஜனங்களின் கண்முன்னே ஒரு தேஜஸ் விழுந்து, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்துபோனார். அதற்கு முந்தின வருஷம் ஜெய்சல்மேர் அருகில் ஒன்று விழுந்தபோது விமானி குடையில் குதித்துத் தப்பினார். கெட்ட நாட்கள்தான். ஆனாலும் பறக்க வந்தவர்கள் குறையவில்லை. 2024-இல் தேஜஸ் படைப்பிரிவில் ஒரு பெண்ணும் விமானியாகச் சேர்ந்தார்: மோகனா சிங். 2016-இல் நம் தேசத்தின் முதல் மூன்று பெண் போர் விமானிகளாகத் தேறியவர்களில் ஒருவர். தரையிலிருந்து கிளம்பும் ஏவுகணைகளின் விஷயத்தில் பெண்கள் இன்னும் முன்னாலேயே வந்துவிட்டார்கள். 2011-இல் அக்னி-4 பாய்ந்தபோது அந்தத் திட்டத்தை நடத்தியவர் ஆலப்புழையில் பிறந்த டெஸ்ஸி தாமஸ்.

கோயம்புத்தூர் வானம்

கோயம்புத்தூர்ப் பக்கத்து வாசகிகளுக்கு தேஜஸ் புதிதல்ல. 2018 முதல் அதன் முதல் படைப்பிரிவுக்குச் சூலூர்தான் வீடு. 2020 மே மாதத்தில் இரண்டாவது படைப்பிரிவும் அங்கேதான் தொடங்கிற்று. மொட்டை மாடியில் வடகம் உலர்த்தும்போது தலைக்கு மேலே இடி மாதிரி ஒன்று போனால் அண்ணாந்து பாருங்கள்.

அதைவிடச் சுவாரஸ்யம் கீழே தரையில் நடக்கிறது. விமானத்துக்குள் காற்றை வாங்கிக் கொடுக்கும் மூக்குப் பாகத்தைச் செய்கிறவர்கள் யார்? கோயம்புத்தூர் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். நூற்பாலை இயந்திரம் செய்து பெயர் வாங்கிய அதே கம்பெனிதான். உங்கள் புடவை நூலை நூற்ற இயந்திரமும் தேஜஸின் மூக்கும் ஒரே ஊர்த் தாய்வீட்டுக்காரர்கள். இறக்கைகளை எல் அண்டு டி கம்பெனி கோயம்புத்தூரிலேயே செய்து 2025-இல் அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. பின்பாகம், நடுப்பாகம், வால் என்று ஒவ்வொன்றும் இப்போது தனியார் கம்பெனிகள் கையில். ஒரே பிள்ளைக்கு ஒருவழியாகத் தம்பி தங்கைகள் பிறந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஐந்தையும் இணைத்து ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடம் என்று மத்திய சர்க்கார் 2018-இல் அறிவித்தது; இன்னொன்று உத்தரப் பிரதேசத்தில். பெயரைக் கேட்டவுடன் ஊரெல்லாம் விமானம் செய்யப் போகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டார் பம்பு செய்கிற பட்டறைக்காரர் விமானத்துக்கு ஒரு திருகாணி செய்ய வேண்டுமானால் அந்தத் திருகாணிக்கு ஜாதகம் வேண்டும். எந்த உலோகக் கட்டியிலிருந்து வெட்டியது, எந்த இயந்திரத்தில், யார் கையால் கடைந்தது, யார் அளந்து பார்த்தார்கள் எல்லாம் எழுதி வைத்தாக வேண்டும். பொருத்தம் பார்ப்பதில் நம் மாமியார்மார் தோற்றுவிடுவார்கள்! சான்றிதழ் கிடைப்பதற்கே வருஷங்கள் ஆகும். அப்புறம் வரும் ஆர்டரோ லட்சக்கணக்கில் அல்ல, நூறு, இருநூறு. சின்னப் பட்டறைக்காரர் வட்டிக்குக் கடன் வாங்கி இயந்திரம் வாங்கிப் போட்டுவிட்டு எத்தனை நாள் காத்திருப்பார்? கையில் பசையுள்ள கம்பெனிகள் தாக்குப்பிடிக்கின்றன.

வளர்ச்சி இல்லையென்று சொல்லவில்லை. 2013-14-இல் நம் தேசம் வெளிநாடுகளுக்கு விற்ற ராணுவச் சாமான்களின் மதிப்பு 686 கோடி ரூபாய். 2024-25-இல் 23,622 கோடி. பிலிப்பைன்ஸ் தேசம் நம்முடைய பிரமோஸ் ஏவுகணையை வாங்கியிருக்கிறது. ரஷ்யாவோடு சேர்ந்து நாம் செய்தது அது. அமெரிக்காவின் அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்கூடு ஐதராபாத்தில் தயாராகிறது. ஆனால் இந்தத் தொகையில் ஒரு நல்ல பங்கு, பெரிய கம்பெனிகள் உலகெங்கும் பிரித்துக் கொடுக்கும் உதிரிப் பாகங்கள். மறுபடியும் பொட்டலத்துப் பொடி!

2025 செப்டம்பரில் இன்னும் 97 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர் ஆயிற்று: 62,370 கோடி ரூபாய். அவற்றுக்கு வேண்டிய இயந்திரங்களும் அமெரிக்காவிலிருந்துதான். அதற்கு முந்தின மாதம், இனி வரப்போகும் பெரிய விமானத்துக்கு பிரான்சின் சாஃப்ரான் கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே இயந்திரம் உருவாக்குவது என்று ராணுவ மந்திரி அறிவித்தார். எவ்வளவு சொல்லிக் கொடுப்பார்கள், எதை மூடி வைத்துக்கொள்வார்கள் என்பது போகப் போகத்தான் தெரியும். சமையற்கட்டில் கூட நின்று பார்க்க விடுகிறார்களா, கூடத்தில் உட்கார வைத்துப் பரிமாறுகிறார்களா என்பதே எல்லாம்.

இதற்கிடையில் ஐதராபாத்தில் ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அங்கே சர்க்காரின் உலோக ஆராய்ச்சிச் சாலை ஒன்று இருக்கிறது. நல்ல டர்பைன் பிளேடை ஒரே படிகமாக வார்க்க வேண்டும். கற்கண்டுத் தாம்பாளத்தில் நூறு சிறு கற்கண்டாக உறைவதற்குப் பதில் பாகு முழுவதும் ஒரே கட்டியாக உறைந்தால் எப்படியோ அப்படி. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே இணைப்பு இருந்தால் சூட்டிலும் சுழற்சியிலும் அங்கேதான் விரிசல் காணும். அந்த வித்தை இவர்களுக்கு ஒருவழியாகக் கைவந்தது. ஹெலிகாப்டர் இயந்திரத்துக்காக 300 பிளேடுகள் செய்வதென்று தொடங்கி, முதல் தவணையாக 60 பிளேடுகளை 2021 ஏப்ரலில் பெங்களூர்த் தொழிற்சாலைக்கு அனுப்பி வைத்தார்கள்.